பட்டாவில் இல்லாத இடம்

2005க்கும் 2009க்கும் இடையில் வந்த லேப்டாப் ஏதாவது உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் இறக்கிப் பாருங்கள். பவர் பட்டனுக்கு அருகில் இன்னொரு சின்ன பட்டன் இருக்கலாம். டெல் நிறுவனம் அதற்கு மீடியா டைரக்ட் என்று பெயர் வைத்தது, ஹெச்பி குயிக்பிளே என்றது. வேறு சில கம்பெனிகளும் வேறு வேறு பெயர்களில் இதையே செய்தன. லேப்டாப் அணைந்து கிடக்கும்போது இந்தப் பட்டனை அழுத்தினால் விண்டோஸ் வராது. நேராக ஒரு திரை வரும். அதில் டிவிடி, பாட்டு, போட்டோ, வீடியோ என்று நாலைந்து படங்கள் மட்டும் இருக்கும். படம் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடலாம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று இன்று பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தோன்றும். அன்றைக்கு விண்டோஸ் எக்ஸ்பி முழுசாக எழுந்து நிற்பதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். சுழலும் வட்டு, அதன் மேல் ஆன்டிவைரஸ், அதற்கும் மேல் கம்பெனிக்காரர்களே திணித்து அனுப்பிய இருபது மென்பொருள்கள். ‘ஆன் ஆயிடுச்சு’ என்று திரை சொன்ன பிறகும் மவுஸ் நகராது. ஒரு டிவிடி பார்க்க இவ்வளவு பெரிய ஊர்வலம் எதற்கு என்று யாரோ நியாயமாகவே யோசித்திருக்கிறார்கள். படம் காட்ட மட்டும் தெரிந்த ஒரு குட்டி இயங்குதளத்தை வட்டின் ஒரு மூலையில் வைத்து, அதற்கென்று தனி வாசலும் வைத்துவிட்டார்கள். அந்த வாசல்தான் அந்தப் பட்டன்.

பிறகு ஒரு நாள் வைரஸ் வரும், அல்லது எல்லாம் மெதுவாகிப்போகும். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவார்கள். எல்லாம் நன்றாக ஓடும், பட்டன் மட்டும் செத்துப்போயிருக்கும். ரிச்சி தெருவிலோ பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியிலோ இருக்கும் ஏதோ ஒரு சர்வீஸ் கடையில் இந்த உரையாடல் எத்தனை முறை நடந்திருக்கும்!

“அண்ணே, இந்த பட்டன் மட்டும் வேலை செய்யலண்ணே.”

“விண்டோஸ் வருதுல்ல தம்பி?”

“வருதுண்ணே.”

“பாட்டு கேக்குதுல்ல? படம் ஓடுதுல்ல? அப்புறம் என்ன?”

அந்த ‘அப்புறம் என்ன’வுக்குப் பதில் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. படம் ஓடுகிறது. போன வேலைக்கு மாற்று இருக்கிறது. ஆனாலும் ஏதோ ஒன்று எடுக்கப்பட்டுவிட்டது, எடுத்தவருக்கே எதை எடுத்தோம் என்று தெரியாது. எனக்கு இதில் தத்துவச் சிக்கலாகப் படுவது இதுதான். ஒரு பொருளுக்குள் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அது இருப்பதே தெரியாமல் இன்னொருவர் அதை அழிக்கிறார். அப்படியானால் தவறு யார் கணக்கில் போகிறது? அதைத் திரும்பக் கொண்டுவர எவ்வளவு தூரம் போகலாம்?

முதலில் எங்கே ஒளித்தார்கள் என்று பார்ப்போம். இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் பேசியே ஆக வேண்டும்.

வட்டைப் பிரிப்பதற்கு ஆங்கிலத்தில் பார்ட்டிஷன் என்கிறார்கள். நம் ஊரில் பாகப்பிரிவினை என்ற சொல்லே இருக்கிறது, அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. வட்டின் முதல் செக்டாரில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை முதல் பாகம், அடுத்தது இரண்டாவது பாகம் என்று. கிட்டத்தட்ட சர்வே எண் போட்ட பத்திரம். அதே செக்டாரில், கணினி எழுந்தவுடன் ஓட வேண்டிய முதல் நிரல்துண்டும் இருக்கும். எம்பிஆர் என்பார்கள். மொத்தம் 512 பைட்தான். ஒரு சில குறுஞ்செய்திகளின் அளவுதான். முழு வட்டின் தலைவிதியும் அதில் இருக்கிறது.

பழைய மீடியா டைரக்ட் பதிப்புகளில் அந்தக் குட்டி இயங்குதளம் இந்தப் பத்திரத்துக்கே வெளியே இருந்தது. வட்டுகளில் ஹோஸ்ட் புரொடெக்டட் ஏரியா என்று ஒரு ஏற்பாடு உண்டு, சுருக்கமாக ஹெச்பிஏ. இயங்குதளம் வட்டைப் பார்த்து ‘உன் கொள்ளளவு எவ்வளவு’ என்று கேட்கும். வட்டு உண்மையான அளவைச் சொல்லாது, கொஞ்சம் குறைத்துச் சொல்லும். ‘நிஜமான கடைசி எண் என்ன’ என்று தனியாக இன்னொரு கட்டளை போட்டுக் கேட்டால்தான் உண்மையைச் சொல்லும். விண்டோஸ் அந்தக் கேள்வியைக் கேட்காது. கேட்காததால் வட்டின் கடைசியில் இருக்கும் அந்தப் பகுதி அதைப் பொறுத்தவரை இல்லை. உங்கள் பணத்தில் வாங்கிய நிலம், உங்கள் வேலிக்குள்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் பட்டாவில் இல்லை.

இந்த இடத்தை யாரும் களவு செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணினி கெட்டால் மீட்பதற்கான நகலையும் பரிசோதனைக் கருவிகளையும் பயனர் கை தவறி அழித்துவிடாதபடி வைப்பதற்கே ஹெச்பிஏ. நல்ல எண்ணம்தான். பீரோ சாவியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டி வைப்பது மாதிரி. இங்கே குழந்தை நாம்.

அடுத்து வந்த பதிப்புகளில் இதைச் சாதாரணப் பார்ட்டிஷனாகவே வைத்தார்கள். ஓரிரண்டு ஜிபி அளவு. ஆனால் விண்டோஸுக்குப் புரியாத வகை எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். எக்ஸ்பி ஏற்றும் அந்த நீலத் திரை நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும். எஃப்8 அழுத்தினால் ஒப்பந்தத்துக்குச் சம்மதம். அப்புறம் பாகங்களின் பட்டியல். அதில் ‘அறியப்படாதது’ என்று ஒரு வரி. ‘இது எதுக்கு இடத்தை அடைச்சிக்கிட்டு’ என்று டி அழுத்தி, உறுதிசெய்ய எல் அழுத்தினால் முடிந்தது. யாரும் படிக்காத ஒப்பந்தத்துக்குச் சம்மதித்த அடுத்த நிமிஷமே யாருக்கும் தெரியாத ஒரு வீடு இடிந்துவிடும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஹெச்பிஏ வகையில் பல நேரம் வீடு இடிவதே இல்லை. லினக்ஸ் ஏற்றுகிறீர்கள், அதன் கிரப் நிரல் எம்பிஆரில் இருந்த பழைய துண்டின் மேல் தன்னை எழுதிக்கொள்கிறது என்று வையுங்கள். வட்டின் கடைசியில் அந்தக் குட்டி இயங்குதளம் ஒரு பைட்கூடக் குறையாமல் அப்படியேதான் இருக்கும். அங்கே போகும் வழிதான் அழிந்திருக்கும். பட்டன் இருக்கிறது, போக வேண்டிய இடமும் இருக்கிறது, நடுவில் இருந்த சில நூறு பைட் மட்டும் இல்லை. இப்போது ‘அந்த வசதி இருக்கிறதா இல்லையா’ என்று கேட்டால் என்ன சொல்வது? மிலிந்தனிடம் நாகசேனர் கேட்ட தேர்க் கேள்வி இதுதான். சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவார் அவர். ஒன்றும் தேர் இல்லை, எல்லாம் சேர்ந்து நிற்கும் ஒழுங்குக்கு வைத்த பெயர்தான் தேர். மீடியா டைரக்ட் என்பதும் பட்டனோ மென்பொருளோ அல்ல, அவற்றுக்கு இடையிலான உறவுக்கு வைத்த பெயர். உறவு அறுந்தால் இரண்டு பக்கமும் நன்றாக இருந்தும் ஒன்றும் இல்லை. சில குடும்பங்கள்கூட அப்படித்தான்.

சரி, திரும்பக் கொண்டுவர முடியுமா? முடியும். அதற்குத்தான் மீடியா டைரக்ட் டிஸ்க் என்று தனியாக ஒன்று கொடுத்தார்கள். ஆனால் அதன் விதி கடுமையானது. விண்டோஸ் ஏற்றிய பிறகு அந்த டிஸ்க்கைப் போட்டால் பலன் இல்லை. பிள்ளையார் சுழி போல அதுதான் முதலில் வர வேண்டும். டிஸ்க்கிலிருந்தே கணினியை எழுப்ப வேண்டும். அது வட்டு முழுவதையும் துடைத்து, தன் இடத்தை ஒதுக்கிக்கொண்டு, மிச்சத்தைப் புதிதாகப் பிரிக்கும். அதன் பிறகு விண்டோஸ், பிறகு டிரைவர்கள், கடைசியில் மறுபடி அதே டிஸ்க்கை உள்ளே போட்டு வேலையை முடிக்க வேண்டும். அடியைப் பிடிடா பாரதபட்டா!

இப்போது யோசித்துப் பாருங்கள். விண்டோஸை ஏற்றி ஆறு மாதம் ஆகிவிட்டது. புராஜெக்ட், கல்யாண போட்டோ, பாதி எழுதிய கதை எல்லாம் அதில் இருக்கிறது. நகல் எடுத்து வைத்துவிட்டுச் செய்யலாம்தான், தொழில்நுட்பரீதியாக ஒரு இழப்பும் இல்லை. ஆனால் ஒரு இரவு முழுக்கச் செலவாகும், செட்டிங்ஸ் எல்லாம் போகும். ஒரு பழைய முழுமைக்காக இப்போது வாழ்ந்துகொண்டிருக்கும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மீட்பு என்ற சொல்லுக்குள் எப்போதும் ஒரு இடிப்பு ஒளிந்திருக்கிறது. பழைய கோயிலைப் புதுப்பிக்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் நடுவில் வந்த நூற்றாண்டுகளைச் சுரண்டி எடுப்பதைப் பார்த்திருக்கிறோம். எந்த அடுக்கு ‘அசல்’ என்று முடிவு செய்கிறவர் யார்? கம்பெனி அனுப்பிய நாளன்று இருந்த நிலைதான் லேப்டாப்பின் உண்மை நிலை என்றால், அதற்குப் பிறகு நீங்கள் அதில் வாழ்ந்ததெல்லாம் தூசியா?

நான் இதில் ஒரு பக்கம் சாய்கிறேன். வட்டு எப்படியும் காலியாக இருக்கும் நாளில், அதாவது மறுபடி விண்டோஸ் ஏற்றும் தேவை தானாக வரும் நாளில், பட்டனுக்கும் உயிர் கொடுங்கள். அந்த அரை மணி நேரம் பொருளுக்கு நாம் செய்யும் மரியாதை. பட்டனுக்காக மட்டும் வீட்டை இடிக்காதீர்கள்.

பட்டன் செத்துப்போவதோடு கதை முடிந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மோசமான இன்னொரு நிலை உண்டு, அது பட்டன் சாகாமல் இருப்பது.

சில பதிப்புகளில் அந்த ஏற்பாடு இப்படி. பட்டனை அழுத்தினால் எம்பிஆரில் உள்ள தனி நிரல் விழித்துக்கொள்ளும். தான் வைத்திருக்கும் பழைய குறிப்பின்படி பார்ட்டிஷன் பட்டியலைத் திருத்தி எழுதி, தன் இடத்தைத் திறந்துவிடும். கம்பெனியிலிருந்து வந்த வட்டில் இது சரியாக நடக்கும். ஆனால் இடையில் நீங்கள் வட்டை வேறு மாதிரி பிரித்திருக்கிறீர்கள். விண்டோஸ் நிறுவி ஏற்கெனவே ஒழுங்காக இருக்கும் எம்பிஆர் நிரலைத் தொடாமல் விட்டிருக்கிறது. அதனால் பழைய நிரல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, புது பாகப்பிரிவினை நடந்தது அதற்குத் தெரியாது. ஒரு நாள் யாரோ அந்தப் பட்டனைத் தெரியாமல் அழுத்துகிறார்கள். தாத்தா காலத்துப் பத்திரத்தோடு ஒருவர் வந்து புது வேலியைப் பிடுங்கிப் போடுவது போல, அது பார்ட்டிஷன் பட்டியலை மாற்றி எழுதிவிடும். அடுத்த முறை விண்டோஸ் எழாது. கோப்புகள் பெரும்பாலும் வட்டில் இருக்கும், எங்கே ஆரம்பித்து எங்கே முடிகின்றன என்ற கணக்குதான் போயிருக்கும். சாதாரண ஆளுக்கு அது அழிந்தது போலத்தான்.

அந்த நிரல் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அதில் பிழை இல்லை. செய்வதாகச் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தது. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் முதல் பகுதியில் கெஃபலஸ் என்ற முதியவரிடம் சாக்ரடீஸ் பேசும் இடம் ஒன்று வருகிறது. உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பித் தருவதும்தான் நீதி என்ற கருத்தை எடுத்துக்கொண்டு சாக்ரடீஸ் கேட்கிறார்: நண்பன் நல்ல புத்தியோடு இருந்தபோது ஆயுதத்தை நம்மிடம் கொடுத்து வைத்தான், இப்போது புத்தி பேதலித்துவிட்டது, கேட்கிறான், கொடுத்துவிடலாமா? கொடுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாக்குப்படி பார்த்தால் கொடுக்கத்தான் வேண்டும். வாக்கு கொடுக்கும்போது இருந்த உலகமும் அதை நிறைவேற்றும்போது இருக்கும் உலகமும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுத்தான் நிறைவேற்ற வேண்டும். எம்பிஆர் நிரலுக்கு அந்தப் பார்வை இல்லை. எழுதும் முன் ஒரே ஒரு தடவை ‘என் குறிப்பில் இருப்பதும் வட்டில் இப்போது இருப்பதும் ஒத்துப்போகிறதா’ என்று சரிபார்க்கும் சின்ன எச்சரிக்கை போதும். அந்த எச்சரிக்கைக்கும் அறத்துக்கும் பெரிய தூரம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது கடைக்கார அண்ணனிடம் திரும்புவோம். அவர்மேல் பழி போடலாமா? அவர் பார்த்த பட்டியலில் அந்த இடமே இல்லை, அல்லது ‘அறியப்படாதது’ என்று இருந்தது. முதல் நிலையில் அவரைக் குற்றம் சொல்வது அநியாயம். இரண்டாவதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தெரியாதது என்று பெயர் ஒட்டி ஒன்று எதிரே நிற்கிறது. தெரியாதது என்பதே விசாரிப்பதற்குக் காரணம். அவரோ அதையே அழிப்பதற்குக் காரணமாக எடுத்துக்கொண்டார். ஆனால் ஒரு நாளைக்குப் பத்து லேப்டாப், ஒவ்வொன்றுக்கும் சில நூறு ரூபாய் கூலி. அந்த விலையில் எவ்வளவு விசாரணையை எதிர்பார்ப்பது? நாம் கொடுக்கும் கூலி அவருடைய கவனத்துக்கும் ஒரு எல்லை போட்டுவிடுகிறது. பழியில் ஒரு பங்கு நமக்கும் இருக்கிறது.

பெரிய பங்கு ஒளித்தவர்களுக்கு என்பேன். ஒளிப்பதில் வகைகள் உண்டு. 2005இல் சோனி பிஎம்ஜி இசைத் தட்டுகளில் நகல் தடுப்பு மென்பொருள் ஒன்றை வைத்தது. தட்டைக் கணினியில் போட்டால் அது விண்டோஸுக்குள் தன்னை ஏற்றிக்கொண்டு, கண்ணில் படாமல் மறைந்துகொள்ளும். மற்ற கெட்ட நிரல்களும் அதே மறைவைப் பயன்படுத்த முடிந்தது. விஷயம் வெளியே வந்து, வழக்குகள் வந்து, தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். அது வாங்கியவருக்கு எதிரான ஒளிப்பு. நம் பட்டனின் ஒளிப்பு வாங்கியவருக்காகச் செய்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனாலும் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. ‘உன் பொருளில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டியதில்லை’ என்ற எண்ணம்தான் அது. அன்பினால் சொன்னாலும் அது அதிகாரம்தான். ‘உனக்கு எதுக்குப்பா அதெல்லாம், நாங்க பாத்துக்குறோம்’ என்று வீட்டில் சொல்லிக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்குச் சரியான வழக்காடு மன்றம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கூடிவிட்டது. கிமு 44இல் சிசரோ தன் மகனுக்கு எழுதிய ‘கடமைகள் பற்றி’ என்ற நூலின் மூன்றாம் பகுதியில் ஒருவன் வீடு விற்கிறான். அந்த வீட்டில் குறைகள் உண்டு. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் உடம்புக்கு ஆகாது, பூச்சி பொட்டு நடமாட்டம் உண்டு, மரமும் சரியில்லை. அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லாமல் விற்கலாமா? பாபிலோனிய டயோஜெனஸ் என்ற ஸ்டோயிக்கர், மறைப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு என்கிறார். வாங்குகிறவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. வழி தவறி நிற்பவனுக்கு வழி காட்டாமல் போவதைவிட மோசமானது இது, தெரிந்தே ஒருவனைத் தப்பான வழியில் விடுகிறாய் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம் சாய்கிறார். எனக்கும் மாணவர்தான் சரி என்று படுகிறது. கம்பெனி ‘நாங்கள் மறைக்கவில்லை, கையேட்டின் ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கிறது’ என்று சொல்லலாம். ஆனால் விண்டோஸை மறுபடி ஏற்றப்போகிறவர் கையேட்டை எடுப்பதில்லை. அந்த நீலத் திரையில் அவர் நிற்கும்போது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘அறியப்படாதது’ என்ற சொல்லுக்குப் பதிலாக ஒரு பெயர் அங்கே தெரிந்திருந்தால் போதும். பாதி வீடுகள் தப்பித்திருக்கும்.

இதெல்லாம் முடிந்துபோன காலத்துச் சண்டை என்று தோன்றலாம். எஸ்எஸ்டி வந்து விண்டோஸ் எழும் நேரத்தைச் சில நொடிகளாக்கிவிட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8 டிவிடி ஓட்டும் திறனையே தன்னிடமிருந்து கழற்றிவிட்டது, உரிமத் தொகை கட்டிக் கட்டுப்படி ஆகவில்லை என்றார்கள். பிறகு டிவிடி டிரைவே லேப்டாப்பிலிருந்து போய்விட்டது. உடனடியாகப் படம் காட்டும் அந்த வேலையைச் சட்டைப் பையில் இருக்கும் போன் எடுத்துக்கொண்டது. போனில் என்ன எங்கே ஒளிந்திருக்கிறது என்று யாரும் கேட்பதுகூட இல்லை. அந்தப் பழைய பட்டன் குறைந்தபட்சம் கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே ஏதோ இருக்கிறது என்பதற்கு வெளியே ஒரு சாட்சி இருந்தது.

சாட்சிகள் இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பழைய லேப்டாப்களை விற்கும் விளம்பரங்களில் ‘நல்ல கண்டிஷன், எல்லாம் ஒர்க்கிங்’ என்று எழுதியிருப்பார்கள். விற்கிறவருக்கு அந்தப் பட்டனைப் பற்றித் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் ஒரு கல்லூரிப் பையன். மூவாயிரம் ரூபாயைச் சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறான், டைப் பண்ணவும் படம் பார்க்கவும் வேண்டும். அவன் கேட்கவில்லை. டயோஜெனஸ் சும்மா இரு என்பார். எம்பிஆரைச் சாதாரணமானதாக மாற்றி எழுதிவிட்டால் பட்டனால் ஆபத்து இல்லை, அதை விற்பதற்கு முன்னாலேயே செய்துவிடலாம். செய்யத் தெரியாவிட்டால் வாயைத் திறந்து சொல்லத்தான் வேண்டும். விலையில் இருநூறு முந்நூறு குறையும்.

“தம்பி, இந்த பட்டனை மட்டும் அழுத்திடாதே. அழுத்தினா உள்ள இருக்குறதெல்லாம் போயிடும்.”

“அப்ப இது எதுக்குண்ணா இங்க இருக்கு?”